இடமே அம்பாரம்

சரிபார்த்தவற்றை மட்டுமே இங்கே எழுதப் போகிறேன். சென்ற ஐப்பசியில் ஒரு நெல் கொள்முதல் நிலையத்தின் களத்தில் நடந்ததைப் பற்றி எங்கள் பக்கத்தில் இப்போது குறைந்தது நான்கு கதைகள் உலவுகின்றன. ஒன்றில் என் அக்கா மழையில் மயங்கி விழுகிறாள். அவள் விழவில்லை, நின்றுகொண்டுதான் இருந்தாள். இன்னொன்றில் நான் கூட்டத்தை நோக்கி அறவுரை ஆற்றுகிறேன். நான் வாயே திறக்கவில்லை, திறந்திருக்க வேண்டிய நேரத்தில். ஆகவே என் கண் கண்டதையும் காது கேட்டதையும் எழுதுகிறேன். இரண்டும் இல்லாத இடத்தில், ஒருவரோடொருவர் பேச்சுவார்த்தை இல்லாத இருவர் ஒன்றுபோலச் சொன்னதை எடுத்துக்கொள்கிறேன். அப்படிப்பட்ட இருவரைக் கண்டுபிடிப்பது எங்கள் ஊரில் கடினமான வேலையன்று.

இந்த எச்சரிக்கைக்கு வேறொரு காரணமும் உண்டு. அந்தக் களத்தில் நான் இருந்த நாள்களில் கேட்ட கருத்துகள் ஒரு மனிதப் பிறவிக்குப் போதும். கருத்து என்ற பொருளின் மேலேயே எனக்குக் குமட்டல் வந்துவிட்டது. எனவே கருத்தைக் குறைத்து நடந்ததைச் சொல்கிறேன்.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். வலங்கைமானுக்குத் தெற்கே ஒரு கடைமடை ஊரில் நான்கு மா நிலத்தை, ஏறக்குறைய ஒன்றேகால் ஏக்கரை, தானே நின்று பயிரிடுகிறாள். நான் கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்றுத் தஞ்சாவூரில் இருக்கிறேன். குறுவை அறுத்த மறுநாள் அவள் தொலைபேசியில் அழைத்தாள்.

"நெல்ல களத்துல கொட்டியாச்சு. நீ வந்து அதுகிட்ட ஒக்காரு. எனக்கு வயல்ல வேல கெடக்கு."

"எத்தன நாளைக்குக்கா?"

"அது எனக்கென்னடி தெரியும்? நெல்லுதான் சொல்லணும்."

அந்த நெல்லை எடை போட்டு அனுப்பினால்தான் அடுத்த போகமான தாளடிக்கு உழவு. இல்லையென்றால் நிலம் சும்மா கிடக்கும். ஐப்பசி பிறந்துவிட்டது. மழைக்கு முன் நெல் எடைமேடைக்குப் போக வேண்டும். அந்தப் பருவத்தில் அவளுக்கு இருந்த கவலை இது ஒன்றே. அவள் பொருட்டு எனக்கும் இது ஒன்றே இருந்திருக்க வேண்டும்.

நிலையம் என்பது ஒரு தகரக் கொட்டகை, ஓர் எடைமேடை, நெல் தூற்றும் இயந்திரம், ஒரு பட்டியல் எழுத்தர். கொட்டகையைச் சுற்றி வெறும் மண்தரை. அதில் ஆளாளுக்கு நெல்லைக் கொட்டித் தார்ப்பாய் போர்த்தி, அதன் மேல் செங்கல்லும் பழைய டயரும் ஏற்றி வைத்திருந்தார்கள். அப்படிக் கொட்டிய நெல்லுக்கு எங்கள் பக்கத்தில் அம்பாரம் என்று பெயர். அம்பாரத்தோடு எப்போதும் ஓர் ஆள் இருக்க வேண்டும். ஆள் இல்லாத அம்பாரத்துக்கு முறை கிடையாது என்பது வழக்கம். களத்தின் கிழக்கே மேடாக ஒரு சிமெண்டுத் தரை. மேற்கே தாழ்வாக ஒரு வடிகால். அக்காவின் அம்பாரம் வடிகால் ஓரத்தில் இருந்தது, ஏனென்றால் அவள் டிராக்டர் வந்து சேர்ந்தபோது அந்த இடந்தான் மிச்சம்.

அந்த இடத்தின் அருவருப்பை நான் குறைத்துச் சொல்வதற்கில்லை. காகிதக் குவளைகளின் அடியில் ஒட்டிய தேநீரில் ஈக்கள் செத்துக் கிடந்தன. வெற்றிலைச் சாறு செங்கற்களில் வழிந்து காய்ந்திருந்தது. ஒவ்வொரு அம்பாரத்தின் பின்புறத்தையும் அதன் உரிமையாளர் அல்லாதவர்கள் சிறுநீர் கழிக்கப் பயன்படுத்தினார்கள். இதில் ஓர் ஒழுங்குகூட இருந்தது: தன் அம்பாரத்தின் பின்னால் எவரும் போகமாட்டார். நாட்டின் உணவு இந்த வழியாகத்தான் போகிறது என்று நினைத்தபோது, அன்று பகல் வீட்டிலிருந்து கொண்டுவந்த தயிர்ச்சோற்றை மூடி வைத்துவிட்டேன்.

இந்தக் களத்தில்தான் மெய்யியல் முளைத்தது.

அதை முளைப்பித்தவர் நாற்பத்தைந்து வயதிருக்கும் ஒருவர். எங்கள் அம்பாரத்துக்கு இரண்டு இடம் தள்ளி அவர் அம்பாரம். வளைகுடாவில் ஒரு பண்டகசாலையில் பல ஆண்டுகள் பெட்டி அடுக்கியவர். அடுக்கும்போதெல்லாம் காதில் கருவியைச் செருகிக்கொண்டு மெய்யியல் சொற்பொழிவுகளைக் கேட்பாராம். யாருடைய சொற்பொழிவு என்று கேட்டேன். பெயர் நினைவில்லை, சாரம் மட்டும் தங்கிவிட்டது என்றார். சாரத்தை மட்டும் சுமந்து வருகிறவர்களிடம் எனக்கு எப்போதும் அச்சம் உண்டு. இக்கட்டுரையில் அவரை மெய்யியலார் என்று அழைக்கிறேன். மரியாதையாக அன்று.

அவர் நிறுவிய முதல் துறை ஈரவியல். பட்டியல் எழுத்தர் ஒரு கருவியில் பிடி நெல்லைப் போட்டு ஈரப்பதம் பார்ப்பார். எண் பதினேழைத் தாண்டினால், "காயவச்சுக் கொண்டாங்க" என்பார். நெல்லுக்குரியவர் உடனே இரண்டு மணியை எடுத்துக் கடிப்பார். "கடக்குனு ஒடையுது பாருங்க. நீங்களே கடிங்க." எழுத்தர் கடிக்கமாட்டார். களம் இரு கட்சியாயிற்று: பல் கட்சி, கருவிக் கட்சி. பல் கட்சியினர் கடித்த நெல்லைத் துப்பிய இடத்திலேயே மறுநாள் உட்கார்ந்து வாதாடினார்கள்.

மெய்யியலார் இரண்டு கட்சியையும் மறுத்தார்.

"ஈரம் நெல்லுலயும் இல்ல, மெஷின்லயும் இல்ல. ரெண்டும் சந்திக்கிற எடத்துல இருக்கு. மெஷின் வைக்கிற வரைக்கும் நெல்லு காஞ்சதும் இல்ல, நனைஞ்சதும் இல்ல."

தேநீர்க் கடை வைத்திருந்த பாய் பாலை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "அப்ப மெஷின ஒளிச்சு வச்சுட்டா மழை பேயாதாண்ணே?"

"பாய், நீங்க இன்னும் பொருள் நிலையிலயே நிக்கிறீங்க."

"நான் டீ நிலையிலதான் நிக்கிறேன். குடிச்ச ரெண்டுக்கு இன்னும் நீங்க காசு தரல."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அங்கே நேரம் அவ்வளவு மெதுவாகப் போயிற்று என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் என்னிடம் இல்லை.

இரண்டாவது துறைக்கு எழுத்தரே பொருள் தந்தார். சாக்கு எப்போது வரும் என்றால், "நாளைக்கு." லாரி எப்போது? "நாளைக்கு." நான்கு நாளாக அதே சொல். இதைக் கொண்டு மெய்யியலார் நாளையியல் என்று ஒன்றை நிறுவினார். நாளை என்பது ஒரு நாளன்று, ஒரு திசை. அதை நோக்கி நடக்கலாம், அங்கே போய்ச் சேர முடியாது என்றார். அந்த வாக்கியம் நன்றாக அமைந்திருந்தது. அதை நான் வாய்விட்டுப் பாராட்டினேன். பாராட்டியதை எண்ணும்போதெல்லாம் இப்போது நாக்கில் கசக்கிறது. ஏனென்றால் அன்றிலிருந்துதான் அவர் எதைச் சொன்னாலும் முடிவில் என் பக்கம் திரும்பி, "டீச்சர் என்ன சொல்றீங்க?" என்று கேட்கத் தொடங்கினார், களத்தில் இருந்தவர்களும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

பிறகு தார்ப்பாய் அறவியல் வந்தது. பக்கத்து அம்பாரத்தின் தார்ப்பாய் காற்றில் விலகினால் இழுத்து மூட வேண்டிய கடமை நமக்கு உண்டா? மூடினால் அந்த நெல்லுக்கு நாம் பொறுப்பாகிவிடுகிறோமா? இதை அரை நாள் பேசினார்கள். பேசிக்கொண்டிருந்தபோது மூன்று அம்பாரங்களின் தார்ப்பாய் விலகிக் கிடந்தது, ஆடுகள் மேய்ந்தன. அக்கா வயலிலிருந்து வந்தவள், ஒரு கழியை எடுத்து ஆடுகளை விரட்டி, மூன்றையும் இழுத்து மூடிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னடி பேசுறாங்க?"

"மூடலாமா கூடாதான்னு."

"யார?"

அவள் வேடிக்கைக்காகக் கேட்கவில்லை. அவளுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

ஆறாம் நாள் சண்டை வந்தது. பின்வரிசையிலிருந்த ஒருவர் விடிவதற்குள் தம் நெல்லைக் கூடையில் அள்ளி எடைமேடைக்கு அருகே கொட்டி, முதலிலிருந்தே தம் அம்பாரம் அங்கேதான் இருந்தது என்று சாதித்தார். கை கலந்தது. ஒருவர் சட்டை கிழிந்தது. எழுத்தர் எடைமேடையை மூடிவிட்டு, "வரிசைய நீங்களே முடிவு பண்ணிட்டு வாங்க. நான் யார் பக்கமும் இல்ல" என்று சொல்லிக் கொட்டகைக்குள் போய்விட்டார்.

இந்த நேரத்துக்காகவே மெய்யியலார் பிறந்திருந்தார். ஒரு மூட்டையின் மேல் ஏறி நின்றார்.

"ஒரு அம்பாரத்துலேர்ந்து ஒரு மணி எடுத்தா, அது அதே அம்பாரமா இல்லியா?"

"அதேதான்" என்றார்கள்.

"ஒரு கூடை எடுத்தா?"

"அதேதான்."

"எல்லாக் கூடையும் எடுத்து வேற எடத்துல கொட்டுனா?"

விடைக்கு அவர் காத்திருக்கவில்லை.

"வேற அம்பாரம்! ஏன்? நெல்லு அதேதான். ஆளு அதேதான். மாறுனது எடம் மட்டும். அப்ப அம்பாரம்னா என்ன? எடந்தான் அம்பாரம். நான் வேல பாத்த குடோன்ல இதுதான் சட்டம். பெட்டிய அலமாரி மாத்தி வச்சா அது புதுப் பெட்டி. பழைய நம்பர் செல்லாது."

அக்கா எழுந்தாள். "அப்ப எடத்த எடை போட்டுக்கங்க. நெல்ல நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்."

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஆனால் சிரித்தவர்களிடம் வேறு வழி ஏதும் இல்லை. நகர்த்திய அம்பாரம் புதிய அம்பாரம், அது வரிசையின் கடைசிக்குப் போகும் என்ற முடிவுக்கு எல்லாரும் ஒப்பினார்கள். சண்டையை நிறுத்த அது நல்ல விதியாகவே தோன்றியது. நகர்த்தியவரும் முனகிக்கொண்டே கடைசிக்குப் போனார். உட்காரப் போன அக்கா திரும்பிச் சொன்னாள்: "மழ கிழ வந்தா அப்பப் பாத்துக்கலாம்னு சேத்துக்கங்க." சரி, சரி என்றார்கள். இந்தச் 'சரி'யை என்னைத் தவிர இருவர் கேட்டதாகச் சொல்கிறார்கள். அவர்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது.

விதியை எழுதிக் கொட்டகைக்கு எதிரிலிருந்த வேப்ப மரத்தில் கட்டுவது என்றும் முடிவாயிற்று. பாய் ஒரு வெள்ளை அட்டை கொண்டுவந்தார். மெய்யியலார் ஏட்டில் கிறுக்கியிருந்ததை என்னிடம் நீட்டினார்.

"டீச்சர், நல்ல தமிழ்ல எழுதிக் குடுங்க. யாரும் பொருள் மாத்திச் சொல்ல முடியாதபடிக்கு."

அந்த ஏட்டுப் பக்கம் எனக்கு ஒவ்வாமையாக இருந்தது. எழுவாய் ஓரிடத்தில், பயனிலை வேறோர் ஊரில். நடுவே இரண்டு ஆங்கிலச் சொற்கள். கடைசியில், 'மழை கிழை வந்தால் பார்த்துக்கலாம்.' நாற்பது ஆண்டுகளாக மாணவர் கட்டுரைகளில் எதைச் சிவப்பு மையால் அடித்தேனோ, அது அப்படியே அங்கே இருந்தது. 'பார்த்துக்கலாம்' என்பது விதியாகுமா? யார் பார்ப்பது, எதைப் பார்ப்பது? அது எதையும் வரையறுக்கவில்லை. நான் அதை விட்டுவிட்டேன். எழுதியது இது, அட்டை இப்போது என்னிடம் இருப்பதால் எழுத்து மாறாமல் தருகிறேன்:

'களத்தில் நெல் கொட்டப்பட்ட இடமே அம்பாரத்தின் வரிசையிடமாகும். காரணம் எதுவாயினும், இடம் பெயர்க்கப்பட்ட அம்பாரம் புதிய அம்பாரமாகவே கொள்ளப்பட்டு வரிசையின் இறுதிக்குச் செல்லும்.'

'காரணம் எதுவாயினும்' என்பதைச் சேர்க்கச் சொல்லி எவரும் கேட்கவில்லை. இரண்டாம் வாக்கியம் முதல் வாக்கியத்தைப்போல் நிறைவாக ஒலிக்கவில்லை. தொடக்கத்தில் ஒரு தொடர் வேண்டியிருந்தது. அதற்காகச் சேர்த்தேன். எழுதி முடித்து ஒருமுறை உரக்கப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அந்தக் களத்திலேயே தூய்மையான பொருள் அந்த அட்டை ஒன்றுதான் என்று எண்ணினேன். அக்கா அப்போது வயலுக்குப் போயிருந்தாள்.

விதியால் அமைதி வந்தது. எடை நடந்தது. ஒன்பதாம் நாள் காலையில் சிமெண்டுத் தரையில் இருந்த அம்பாரங்கள் எல்லாம் எடையாகி, மேடு காலியாயிற்று. வரிசையில் அக்காவுக்கு முன் மூன்று அம்பாரங்கள், பின்னால் பத்தொன்பது. மறுநாள் காலை எங்கள் முறை வந்துவிடும் என்று எழுத்தரே சொன்னார். நாளைக்கு என்றுதான் சொன்னார்; இருந்தாலும் இம்முறை சாக்குகள் வந்து இறங்கியிருந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

பிற்பகல் இரண்டு மணிக்குக் கிழக்கே வானம் கறுத்தது. காற்று நின்றுவிட்டது. நெல்லின் மேலிருந்த சிறு பூச்சிகள் எல்லாம் மேலெழுந்து முகத்தில் ஒட்டின. அக்கா ஓட்டமாக வந்தாள். கூடவே பக்கத்து வயலில் நடவுக்கு வந்திருந்த ஆறு பெண்களும் கூடைகளோடு வந்தார்கள். அவள் வரும்போதே எல்லாவற்றையும் கணக்கிட்டுவிட்டாள்.

"ஏய், எந்திரி. மேட்டுக்கு மாத்திடுவம். ஆளு இருக்கு. மழ வர்றதுக்குள்ள முடிஞ்சிடும்."

அம்பாரத்திலிருந்து சிமெண்டுத் தரை நாற்பத்திரண்டு காலடி. பின்னாளில் நடந்து அளந்தேன்.

முதல் கூடையை நிரப்பியபோது மெய்யியலார் வந்து நின்றார். அவர் குரலில் பகை ஏதும் இல்லை; வருத்தங்கூட இருந்தது.

"அக்கா, நகத்துனா கடைசிக்குப் போயிடுவீங்க."

"மழைய்யா வருது. மழ வந்தா பாத்துக்கலாம்னுதானே பேசுனோம்."

"பேசுனோம். எழுதல."

"எழுதியிருக்கும். படிங்க."

அவர் படித்தார். அட்டையின் முன் போய் நின்று, ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி, நான் உரக்கப் படித்ததைவிட நன்றாகப் படித்தார். 'காரணம் எதுவாயினும்' என்ற இடத்தில் குரலைச் சற்று உயர்த்தினார். பின்வரிசையிலிருந்து இரண்டு மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். "எங்களுக்கும் மழதான். நாங்க நகத்துனமா?" "ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் நகத்துவாங்க. மறுபடி அடிதடிதான்." அவர்களுக்கு அக்காமேல் கோபமில்லை. பத்தொன்பது பேருக்கும் ஓரிடம் முன்னால் வர ஆசை; அதை ஆசை என்று சொல்லாமல் விதி என்று சொல்ல வசதியாக மரத்தில் ஓர் அட்டை தொங்கியது.

பாய் மட்டும், "அட போங்கய்யா, தாயி நெல்லு நனையப் போவுது, ஒங்களுக்குச் சட்டம்" என்றார். அவருக்குக் களத்தில் அம்பாரம் இல்லை. ஆகவே அவர் சொல் எடைக்கு வரவில்லை.

அக்கா என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. படித்தவள் ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்க்கிற பார்வை. அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஐந்தாறு சொற்கள்: அவள் சொன்னாள், நான்தான் விட்டுவிட்டேன். எழுதினவள் நான் என்பதால் அந்தச் சொற்களுக்கு மதிப்பும் இருந்திருக்கும். நான் எழுதியது பிழை என்று என் வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. இதைவிட மென்மையான காரணம் ஏதும் தேடினேன், கிடைக்கவில்லை.

அவள் கூடையைக் கவிழ்த்து நெல்லைத் திரும்பவும் அம்பாரத்தில் கொட்டினாள். "காலையில எடை. ஒரு ராத்திரிதானே" என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். இருந்த தார்ப்பாய் இரண்டையும் போர்த்தி, சுற்றிலும் மண்ணை வெட்டி அணைத்தோம். நான்கு மணி சுமாருக்கு மழை பிடித்தது. மேலிருந்து விழுந்த மழையைத் தார்ப்பாய் தாங்கிக்கொண்டது. வடிகால் நிறைந்து, பின்பக்கமாகப் பெருகி, அம்பாரங்களுக்கு அடியில் புகுந்ததை எந்தத் தார்ப்பாயும் தாங்கவில்லை.

மறுநாள் எடை இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாள் வெயில் வந்தது. தார்ப்பாயை இழுத்தோம்.

முதலில் வந்தது வெப்பம். சோற்றுப் பானையைத் திறந்ததுபோல் முகத்தில் ஆவி அடித்தது. பிறகு வாடை: புளித்த கஞ்சியும் ஈரச் சாணமும் கள்ளும் கலந்தாற்போல ஒன்று. அந்த வாடை என் புடவையில் நான்கு சலவை தாண்டியும் இருந்தது. மேலே இருந்த நெல் நன்றாகவே இருந்தது. ஒரு முழம் தோண்டியதும் நெல் வெள்ளையாயிற்று. எல்லா மணியும் முளைத்து, வேர்கள் ஒன்றோடொன்று பின்னி, பாய்போல ஒட்டிக்கிடந்தன. அக்கா கையை விட்டு இழுத்தபோது நெல் உதிரவில்லை. கம்பளம்போல ஒரு துண்டாகக் கிழிந்து வந்தது. அதன் அடியில் கறுப்பாக ஒரு குழம்பு. அதில் புழுக்கள் நெளிந்தன. நான் வடிகால் ஓரம் போய் வாந்தி எடுத்தேன்.

திரும்பி வந்தபோது மெய்யியலார் அங்கே நின்றிருந்தார். அவருடைய அம்பாரமும் முளைத்திருந்தது. இதைச் சொல்வது நியாயம். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, எங்கள் அம்பாரத்தைச் சிறிது நேரம் பார்த்தார்.

"இது இப்ப நெல்லா, பயிரா? பாத்தீங்களா டீச்சர், இதுலயே ஒரு துறை இருக்கு."

நான் இதைக் கேட்டேன். பாயும் கேட்டார். இதை நான் புனையவில்லை என்பதற்காகவே சொல்கிறேன்.

அக்கா அந்தக் கிழிந்த துண்டை இரு கையாலும் ஏந்தி அவர் முகத்துக்கு நேரே கொண்டுபோனாள். "மோந்து பாருங்க."

அவர் பின்வாங்கினார்.

"ஓடாதீங்க. மோந்து பாத்துட்டு எந்தத் துறைன்னு சொல்லுங்க. எழுதிக்கறோம். எந் தங்கச்சி நல்லா எழுதுவா."

அவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். பிறகு தம் அம்பாரத்துக்குப் போய்த் தாமும் தோண்டத் தொடங்கினார். அன்று முழுவதும் அவர் பேசியதை எவரும் கேட்கவில்லை. இதுவும் இருவர் வாயால் உறுதியானது.

மேலிருந்த நெல்லில் பதினொரு சிப்பம் தேறி எடைக்குப் போயிற்று. சிப்பம் என்பது கட்டிய மூட்டை. நாற்பதுக்கு மேல் வந்திருக்க வேண்டும். மற்றதை அக்கா சிமெண்டுத் தரையில் பரப்பி மூன்று நாள் காயவைத்தாள். இப்போது அங்கே பரப்ப எவரும் தடை சொல்லவில்லை. முளைகள் சுருங்கி நூலாயின, நெல் கறுத்தது. எழுத்தர் ஒரு பிடி எடுத்துப் பார்த்துவிட்டுக் கருவியில் போடாமலே கீழே விட்டார். அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். நான்காம் நாள் வாத்துக் கூட்டத்தோடு வந்த ஒருவர் அதை அள்ளிக்கொண்டு போனார். வாத்துகளுக்கு அருவருப்பு இல்லை.

அட்டையை மரத்திலிருந்து நான்தான் அவிழ்த்தேன். மழையில் மை கலையவில்லை. நல்ல மை.

அக்கா தாளடி நடவில்லை. நான்கு மாவும் கார்த்திகை முழுக்கத் தண்ணீர் நின்று கோரை மண்டிக் கிடந்ததை நேரில் போய்ப் பார்த்தேன். பொங்கலுக்கு நான் போனபோது கரும்பு வாங்கி வைத்திருந்தாள். ஊர்க் கதைகள் பேசினாள். அவளுடைய வாக்கியத்தை நீக்கியது நான்தான் என்று அன்று சமையற்கட்டில் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள். "தெரியும்" என்றாள். களைந்த நீரைக் கொட்டிவிட்டு மறுபடி தண்ணீர் ஊற்றினாள்.

இனி எனக்குத் தெரியாதவை. அந்த வாக்கியம் அட்டையில் இருந்திருந்தால் பத்தொன்பது பேரும் வழிவிட்டிருப்பார்களா என்பது தெரியாது. வேறொரு காரணம் கண்டுபிடித்திருக்கவும் கூடும். ஆறு பெண்களால் மழைக்கு முன் முழு அம்பாரத்தையும் மாற்றியிருக்க முடியுமா என்பது தெரியாது. அவர்களிடம் கேட்டேன், மூவர் முடியும் என்றார்கள், மூவர் முடியாது என்றார்கள். அக்காவுக்கு எப்போது தெரிந்தது, களத்திலேயே தெரிந்துவிட்டதா என்பதும் தெரியாது. வரும் குறுவைக்கு அவள் நாற்று விடுவாளா, நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்துவிடுவாளா என்பதை நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஆகவே அதுவும் தெரியாது.